சிறப்பு மருத்துவரைப் பார்க்கப் போகிறீர்களா? அப்பாயின்ட்மென்ட் வாங்குவது முதல் ரிசல்ட் கைக்கு வருவது வரை

சிறப்பு மருத்துவர் ஒருவரின் அலுவலகத்தில் ஒன்பது வருடமாக முன் மேசையில் (ரிசப்ஷனில்) உட்கார்ந்திருக்கிறேன். நான் மருத்துவம் படித்தவள் இல்லை. ஆனால் உள்ளே போனவர் ஐந்தே நிமிடத்தில், “அந்தப் பழைய ரிப்போர்ட்டை எடுத்துக்கிட்டு மறுபடியும் வரச் சொன்னார்” என்று முகம் வாடி வெளியே வருவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். வாரக்கணக்கில் காத்திருந்து வாங்கிய நேரம், வீட்டு அலமாரியில் கிடந்த ஒரு தாளால் வீணாகிவிடும்.

குடும்ப மருத்துவருக்கு உங்களைத் தெரியும். உங்கள் அம்மாவின் சர்க்கரை நோயும், போன வருடம் நீங்கள் மாடிப்படியில் விழுந்ததும் அவர் நினைவில் இருக்கும். சிறப்பு மருத்துவருக்கு நீங்கள் புதுமுகம். நீங்கள் கொண்டுபோகும் தாளையும் வாய்திறந்து சொல்வதையும் வைத்துத்தான் அவர் முடிவெடுக்க வேண்டும். கீழே சொல்லியிருக்கும் ஒவ்வொன்றும் இதிலிருந்து வருவதுதான்.

அதற்கு முன் ஒன்று. நெஞ்சை அழுத்தும் வலி, திடீரென்று முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கையைத் தூக்க முடியாமல் போவது, பேச்சு குழறுவது, கடுமையான மூச்சுத்திணறல், நிற்காத ரத்தப்போக்கு, ஐந்து நிமிடம் தாண்டியும் ஓயாத வலிப்பு. இவற்றுக்கெல்லாம் அப்பாயின்ட்மென்ட் கிடையாது, நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குத்தான் போக வேண்டும். “எப்படியும் நாளன்னைக்கு டாக்டரைப் பார்க்கத்தானே போறோம்” என்று பொறுத்துக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். அந்தக் கணக்கு வேண்டாம்.

1. போன் செய்யும்போதே பாதி வேலையை முடியுங்கள்

முதலில் பரிந்துரைக் கடிதம். பல சிறப்பு மருத்துவர்கள் இது இல்லாமல் பார்ப்பதில்லை. சில காப்பீட்டுத் திட்டங்கள் கடிதமோ முன் அனுமதியோ இல்லையென்றால் பணம் தருவதில்லை. கடிதத்துக்குக் காலக்கெடுவும் இருக்கலாம். ஆகவே வாங்கிய தேதியைப் பாருங்கள்.

கடிதம் இருந்தால் மட்டும் போதாது. அதில் ஒரு கேள்வி இருக்க வேண்டும். “இவரைப் பரிசோதிக்கவும்” என்று மொட்டையாக எழுதிய கடிதத்தால் யாருக்கும் பயன் இல்லை. “ஆறு மாதமாக ஹீமோகுளோபின் இறங்கிக்கொண்டே வருகிறது, மாத்திரை கொடுத்தும் ஏறவில்லை, குடலில் எங்காவது ரத்தம் கசிகிறதா என்று பார்க்க வேண்டும்” என்றிருந்தால் மருத்துவர் முதல் நிமிடத்திலேயே விஷயத்துக்கு வந்துவிடுவார். கடிதத்தைக் கையில் வாங்கும்போது, “எதைக் கண்டுபிடிக்க என்னை அங்கே அனுப்புறீங்க?” என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். அவர் சொல்லும் பதிலை அப்படியே எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, போனில் பேசும்போது உங்கள் பிரச்சினையை ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். எலும்பு மருத்துவர் என்றால் எல்லா எலும்பையும் பார்ப்பார் என்று நினைத்துவிட வேண்டாம். முழங்கால் பார்ப்பவர் வேறு, கை பார்ப்பவர் வேறு. கண்ணிலும் விழித்திரைக்கு ஒருவர், கருவிழிக்கு ஒருவர் என்று இருப்பார்கள். “ஒரு கன்சல்டேஷன் வேணும்” என்று மட்டும் சொன்னால், காலியாக இருக்கும் மருத்துவரிடம் உங்களைப் போட்டுவிடுவோம். சொல்லக் கூச்சமான விஷயமாக இருந்தால், “நர்ஸிடம் பேசலாமா?” என்று கேட்கலாம். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

போனை வைப்பதற்கு முன் இவற்றைக் கேட்டுவிடுங்கள்:

- எந்தெந்த ரிப்போர்ட் வேண்டும்? முன்கூட்டியே அனுப்ப வேண்டுமா, கையில் கொண்டு வந்தால் போதுமா?
- அன்றைக்கே ஏதாவது சோதனை இருக்குமா? வெறும் வயிற்றோடு வர வேண்டுமா? எந்த மருந்தையாவது நிறுத்த வேண்டுமா?
- சோதனை முடிந்து நானே வண்டி ஓட்டிக்கொண்டு போகலாமா?
- மொத்தம் எவ்வளவு நேரம் ஆகும்? கட்டணம் எவ்வளவு? சோதனைக்குத் தனியாகக் கட்ட வேண்டுமா?
- சக்கர நாற்காலி, மொழிபெயர்ப்பாளர், சைகை மொழி தெரிந்தவர் வேண்டுமென்றால் ஏற்பாடு உண்டா?

தேதி தள்ளிக் கிடைத்தால், “யாராவது ரத்து செய்தால் என்னைக் கூப்பிடுங்கள்” என்று பெயர் கொடுத்து வையுங்கள். பல அலுவலகங்களில் இதற்கென்றே ஒரு பட்டியல் உண்டு, தினமும் அதிலிருந்து யாரையாவது கூப்பிடுவோம். நேரத்தைத் தேர்ந்தெடுக்க முடிந்தால், காலையில் முதல் ஆளாகவோ மதிய இடைவேளை முடிந்ததும் முதல் ஆளாகவோ வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரும் எடுத்துக்கொள்ளும் கூடுதல் ஐந்து நிமிடம் சேர்ந்து, கடைசி ஆளின் தலையில்தான் விடியும்.

2. அலுவலக விதிகள் என்ன சொல்கின்றன

முதல் தடவை போகும்போது ஒரு கட்டுத் தாளைக் கொடுத்துக் கையெழுத்துப் போடச் சொல்வோம். பெரும்பாலானவர்கள் படிப்பதே இல்லை. எங்களிடம் வரும் சண்டைகளில் முக்கால்வாசி அந்தத் தாளில் எழுதியிருக்கும் விஷயத்துக்காகத்தான் வரும்.

ரத்து செய்வதானால் 24 அல்லது 48 மணி நேரத்துக்கு முன் சொல்ல வேண்டும் என்பது பரவலான விதி. சொல்லாமல் வராமல் போனால் தனிக் கட்டணம் வாங்கும் இடங்கள் உண்டு. இரண்டு மூன்று முறை அப்படிச் செய்தால் மறுபடி நேரம் கொடுக்க மறுப்பவர்களும் உண்டு. கடுமையாகத் தோன்றலாம். ஆனால் நீங்கள் முந்தின நாள் சொல்லிவிட்டால் அந்தப் பட்டியலில் காத்திருக்கும் இன்னொருவர் உள்ளே வருவார்.

பதினைந்து நிமிடம் தாமதித்தால் வேறு நாளுக்கு மாற்றும் வழக்கமும் பல இடங்களில் உண்டு. “டாக்டர் மட்டும் ஒரு மணி நேரம் லேட்டா வரலாமா?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான், என்னிடம் அதற்கு நல்ல பதில் இருந்ததே இல்லை. கிளம்பும் முன் ஒரு போன் போட்டு, “டாக்டர் சொன்ன நேரத்துக்குப் பார்க்கிறாரா?” என்று கேட்டுவிடுங்கள். நேர்மையாகவே சொல்வோம்.

அந்தத் தாளில் அவசியம் தேடிப்பார்க்க வேண்டியவை இன்னும் சில. மருந்து தீரும்போது புதுச் சீட்டு வாங்க எத்தனை நாள் முன்னதாகக் கேட்க வேண்டும்? பல இடங்களில் இரண்டு மூன்று வேலை நாள் ஆகும். தூக்க மாத்திரை, கடும் வலிநிவாரணி போன்ற கட்டுப்பாடுள்ள மருந்துகளுக்கு நேரில் வரச் சொல்லலாம். அலுவலகம் மூடிய பிறகு யாரைக் கூப்பிடுவது? உங்கள் விவரத்தை யாரிடம் சொல்லலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறீர்களா? மகன் போன் செய்து, “அம்மாவோட ரிசல்ட் என்னாச்சு?” என்று கேட்டால், அம்மா எழுதிக் கொடுக்காத வரை எங்களால் வாய்திறக்க முடியாது. அவர் கோபப்படுவார், நாங்களும் சங்கடப்படுவோம். அந்தப் படிவத்தில் ஒரு பெயர் எழுத அரை நிமிடம் போதும்.

பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பவர்களோடு பெற்றோரோ சட்டப்படியான பாதுகாவலரோ வர வேண்டும் என்பார்கள். தாத்தாவோ சித்தியோ கூட்டி வருவதாக இருந்தால் பெற்றோரின் கையெழுத்திட்ட கடிதம் தேவைப்படலாம். காய்ச்சலும் இருமலும் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ஏனென்றால் உங்களுக்குப் பக்கத்து நாற்காலியில் இருப்பவர் கீமோதெரபி எடுப்பவராக இருக்கலாம். நுரையீரல், ஒவ்வாமை மருத்துவர்களிடம் போகும்போது சென்ட் அடித்துக்கொள்ள வேண்டாம்.

அப்புறம், உங்களுக்கும் உரிமை உண்டு. உடல் பரிசோதனையின்போது துணைக்கு ஒருவர் உடன் இருக்க வேண்டும் என்று கேட்கலாம். மருத்துவ மாணவர்கள் நின்று பார்ப்பதை மறுக்கலாம், அதனால் உங்கள் சிகிச்சை குறையக் கூடாது. வேறொரு மருத்துவரின் கருத்தைக் கேட்கப் போகிறேன் என்று சொல்லி ரிப்போர்ட் நகல் கேட்கலாம், நல்ல மருத்துவர் இதற்கு முகம் சுளிக்க மாட்டார். பேச்சைப் போனில் பதிவு செய்ய விரும்பினால் மட்டும் முதலில் அனுமதி கேளுங்கள்.

3. தாள்கள், படங்கள், கண்ணாடித் தகடுகள்

ரிப்போர்ட்டுகளைத் தேதிவாரியாக, புதியது மேலே இருக்கும்படி அடுக்குங்கள். பத்து வருடத்துத் தாளையெல்லாம் மூட்டை கட்டிக் கொண்டுவர வேண்டாம். கடைசி இரண்டு வருடத்து ரத்தப் பரிசோதனைகள், மருத்துவமனையில் தங்கியிருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரி, அறுவை சிகிச்சைக் குறிப்பு, இந்தப் பிரச்சினை தொடர்பான எல்லா ஸ்கேனும் போதும். கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு), தைராய்டு, ஹீமோகுளோபின் போன்ற எண்களில் மருத்துவர் தேடுவது போக்கைத்தான். இன்றைய எண் ஒன்றை மட்டும் வைத்து அவரால் அவ்வளவாக எதையும் சொல்ல முடியாது. போன வருடத்து எண்ணும் பக்கத்தில் இருந்தால் கதை தெரியும்.

வெளிநாட்டில் எடுத்த ரிப்போர்ட் என்றால் அலகைப் பாருங்கள். ரத்தச் சர்க்கரையைச் சில நாடுகளில் டெசிலிட்டருக்கு மில்லிகிராமிலும், சில நாடுகளில் லிட்டருக்கு மில்லிமோலிலும் எழுதுவார்கள். 126-ம் 7-ம் ஒரே அளவுதான். மில்லிமோலை 18-ஆல் பெருக்கினால் கணக்கு சரியாக வரும். “சர்க்கரை 7 தான் இருக்கு, ரொம்பக் கம்மி” என்று பயந்துபோய் வந்த ஒருவரை எனக்கு ஞாபகம் இருக்கிறது.

ஸ்கேன் விஷயத்தில்தான் நிறையப் பேர் கோட்டை விடுவார்கள். எழுதப்பட்ட அறிக்கை வேறு, படம் வேறு. அறுவை சிகிச்சை நிபுணர்களும் நரம்பியல் மருத்துவர்களும் படத்தைத் தாங்களே பார்க்க விரும்புவார்கள். “சி.டி ஸ்கேன் சி.டி இருக்கா?” என்று நான் கேட்டால் பாதிப் பேர் நான் திக்குகிறேன் என்று நினைப்பார்கள். முதல் சி.டி ஸ்கேன், இரண்டாவது சி.டி வட்டத் தகடு. ஸ்கேன் எடுத்த இடத்தில் கேட்டால் டைகாம் (மருத்துவப் படங்களுக்கான கணினிக் கோப்பு) வடிவத்தில் தகட்டிலோ பென்டிரைவிலோ இணைப்பாகவோ தருவார்கள். பல அலுவலகக் கணினிகளில் இப்போது தகடு போடும் இடமே இல்லை, பாதுகாப்புக்காகப் பென்டிரைவைச் செருகவும் விட மாட்டார்கள். ஆகவே எப்படிக் கொண்டுவந்தால் திறக்கும் என்று முன்கூட்டியே கேளுங்கள். ஸ்கேன் ஃபிலிமைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

புற்றுநோய் சந்தேகத்துக்காக இரண்டாவது கருத்துக் கேட்கப் போகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். பயாப்ஸி அறிக்கை மட்டும் போதாமல் போகலாம். திசுவை வெட்டி வைத்த கண்ணாடித் தகடுகளையும், மெழுகில் பதித்து வைத்த பிளாக்கையும் கேட்பார்கள். இவை சோதனை செய்த ஆய்வகத்தில் பத்திரமாக இருக்கும், எழுதிக் கேட்டால்தான் கொடுப்பார்கள். இரண்டு நாளும் ஆகலாம், இரண்டு வாரமும் ஆகலாம். அப்பாயின்ட்மென்ட் வாங்கிய அன்றே இந்த வேலையை ஆரம்பித்துவிடுங்கள்.

4. மருந்துகள்: அட்டையை வெட்டாதீர்கள்

ஒரு பெரியவர் பிளாஸ்டிக் பை நிறைய மாத்திரைகளோடு வந்தார். எல்லாம் இரண்டு மூன்று மாத்திரை உள்ள துண்டுகள். அட்டையைக் கத்தரியால் அளவாக வெட்டியிருந்தார், பெயர் இருக்கும் பகுதி எப்போதோ குப்பைக்குப் போய்விட்டது. “வெள்ளை மாத்திரை காலையில, மஞ்சள் ராத்திரியில” என்றார். வெள்ளையில் மூன்று வகை இருந்தது. மருந்தாளுநர் ஒருவரைக் கூப்பிட்டு, மாத்திரையின் மேல் பதித்த எழுத்தை வைத்துக் கண்டுபிடிக்க இருபது நிமிடம் ஆயிற்று. அதில் இரண்டு, வெவ்வேறு கம்பெனிப் பெயரில் இருந்த ஒரே ரத்தக்கொதிப்பு மருந்து. தலைசுற்றல் என்றுதான் அவர் வந்திருந்தார்.

எனவே ஒரு தாளில் எழுதுங்கள்: மருந்தின் மூலப் பெயர் (கம்பெனி வைத்த பெயர் இல்லை, உள்ளே இருக்கும் மருந்தின் பெயர்), அளவு, எந்த வேளை, எப்போதிலிருந்து, எதற்காக. பின்பு உண்மையில் எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். சீட்டில் தினம் இரண்டு என்றிருந்து நீங்கள் ஒன்றுதான் சாப்பிடுகிறீர்கள் என்றால் அதை மறைக்க வேண்டாம். மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து மருத்துவர் அளவைக் கூட்டிவிடுவார். கண் சொட்டு மருந்து, இன்ஹேலர், களிம்பு, ஊசி, கருத்தடை மாத்திரை, மருந்துச் சீட்டு இல்லாமல் வாங்கிய வலி மாத்திரை, மூலிகைச் சூரணம், வைட்டமின் எல்லாமே மருந்துதான். எழுத நேரமில்லை என்றால் முழு அட்டைகளையும் அப்படியே கொண்டு வந்துவிடுங்கள்.

ஒவ்வாமை என்று எழுதும்போது என்ன நடந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். உடம்பெல்லாம் தடித்து உதடு வீங்கியது வேறு, வயிற்றைக் கலக்கியது வேறு. பின்னது பெரும்பாலும் பக்கவிளைவுதான். பென்சிலின் ஒவ்வாமை என்று ஃபைலில் எழுதப்பட்டவர்களை முறையாகச் சோதித்தால், பெரும்பாலானவர்களுக்கு அது இல்லை என்று தெரிய வருகிறது. அந்த ஒரு வரியால் அவர்களுக்கு நல்ல மருந்து வருடக்கணக்கில் கிடைக்காமல் போயிருக்கும்.

5. உங்கள் கதை, ஒரே பக்கத்தில்

1984-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், நோயாளி பேச ஆரம்பித்துச் சராசரியாக 18 நொடியில் மருத்துவர் குறுக்கிட்டுவிடுகிறார் என்று கண்டார்கள். ஆகவே முக்கியமானதை முதல் வாக்கியத்தில் வையுங்கள். “முதல்ல போன தீபாவளி சமயத்துல ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோமா…” என்று ஆரம்பித்தால் கல்யாண வீட்டு வாசலிலேயே நேரம் முடிந்துவிடும்.

எப்போது ஆரம்பித்தது, எங்கே, எவ்வளவு நேரம் இருக்கிறது, எது கூட்டுகிறது, எது குறைக்கிறது, அதனால் எந்த வேலையைச் செய்ய முடியவில்லை. இவ்வளவுதான். கடைசிக் கேள்வியைப் பலரும் விட்டுவிடுவார்கள். “வலி அதிகம்” என்பதைவிட, “சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை, காலையில் விரல் மடங்க ஒரு மணி நேரம் ஆகிறது” என்பது மூட்டு மருத்துவருக்கு நிறையச் சொல்லும். அரை மணிக்கு மேல் நீடிக்கும் காலை விறைப்பு, மூட்டுத் தேய்மானத்தைவிட அழற்சி வாதத்தின் (மூட்டு அழற்சியால் வரும் வாதம்) பக்கம் கை காட்டும்.

வந்து வந்து போகும் தொந்தரவுகளுக்குப் போன்தான் சாட்சி. தோலில் தடிப்பு வந்தால் வந்த அன்றே படம் எடுங்கள், அப்பாயின்ட்மென்ட் நாளில் அது காணாமல் போயிருக்கும். வலிப்போ மயக்கமோ வருபவரை, பாதுகாப்பாகப் படுக்கவைத்த பிறகு இன்னொருவர் வீடியோ எடுக்கட்டும். கண் திறந்திருந்ததா மூடியிருந்ததா, எந்தக் கை முதலில் ஆடியது, எத்தனை நிமிடம் என்பதெல்லாம் நரம்பியல் மருத்துவருக்குத் தங்கம். தலைவலிக்கு நாட்குறிப்பு வேண்டும், எத்தனை நாள் வலி மாத்திரை போட்டீர்கள் என்பதும் அதில் இருக்க வேண்டும். மாத்திரையை அடிக்கடி போடுவதாலேயே வரும் தலைவலி ஒன்று உண்டு. குறட்டைக்கும் தூக்கக் கோளாறுக்கும் பக்கத்தில் படுப்பவரைக் கூட்டி வாருங்கள், உங்களுக்குத் தெரியாததெல்லாம் அவருக்குத்தான் தெரியும். பெண்கள் கடைசி மாதவிடாயின் முதல் நாள் தேதியைக் குறித்து வாருங்கள், எந்த மருத்துவரிடம் போனாலும் கேட்பார்கள்.

குடும்ப வரலாற்றில் நோயின் பெயரோடு வயதையும் எழுதுங்கள். அப்பாவுக்கு 48 வயதில் மாரடைப்பு என்பதற்கும் 84 வயதில் என்பதற்கும் வித்தியாசம் பெரியது.

கடைசியில் மூன்று கேள்வி எழுதுங்கள். பத்து எழுதினால் முக்கியமானது ஒன்பதாவதாக வரும்.

6. சோதனைக்கான தயாரிப்பு: தவறுகள் நடக்கும் இடம்

ஒரு விதியை முதலில் சொல்லிவிடுகிறேன். எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். கீழே “நிறுத்தச் சொல்வார்கள்” என்று வரும் இடமெல்லாம், மருத்துவரிடம் கேட்டுவிட்டு என்றே பொருள். முக்கியமாக ரத்தத்தை இளக்கும் மருந்துகள், இன்சுலின், வலிப்பு மாத்திரை, ஸ்டீராய்டு.

வெறும் வயிறு என்றால் பொதுவாக எட்டு மணி நேரம் சாப்பிடாமல் இருப்பது. ரத்தப் பரிசோதனைக்குத் தண்ணீர் குடிக்கலாம், குடித்தால் நரம்பும் எளிதாகக் கிடைக்கும். மயக்கம் கொடுத்துச் செய்யும் எண்டோஸ்கோபி (கேமரா உள்ள குழாயை விட்டு உள்ளே பார்ப்பது) போன்றவற்றுக்கு விதி வேறு. லேசான உணவுக்குப் பின் ஆறு மணி நேரம், தண்ணீருக்குப் பின் இரண்டு மணி நேரம் இடைவெளி என்பது பொதுவான கணக்கு, உங்கள் மருத்துவமனை சொல்வதே முடிவு. பால் கலந்த எதுவும் தண்ணீர்க் கணக்கில் வராது. சர்க்கரை நோயாளிகள், “சாப்பிடாமல் வரும்போது மாத்திரையும் இன்சுலினும் எவ்வளவு?” என்று முந்தின நாளே கேட்டாக வேண்டும்.

என் அம்மா விஷயத்தில் நானே சறுக்கியிருக்கிறேன். தைராய்டு பரிசோதனை அன்று காலை வழக்கம்போல் மாத்திரையைப் போடச் சொல்லிவிட்டேன். ரத்தம் எடுத்த பிறகு போட்டிருக்க வேண்டும் என்று அப்புறம்தான் தெரிந்தது. மறுபடி ஒரு நாள், மறுபடி ஓர் ஊசி. அதோடு முடி உதிர்வுக்கு என்று அம்மா சாப்பிட்டுவந்த வைட்டமினில் பயோட்டின் இருந்தது. அதிக அளவு பயோட்டின் தைராய்டு முடிவுகளையும், மாரடைப்பைக் காட்டும் ட்ரோப்போனின் முடிவையும் தப்பாகக் காட்டிவிடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-லேயே எச்சரித்திருக்கிறது. “வைட்டமின்தானே” என்று நாங்கள் சொல்லாமல் விட்டது அது.

இதய மருத்துவரிடம் போகிறவர்கள் வீட்டில் எடுத்த பிபி அளவுகளைக் கொண்டுபோனால் மிகவும் உதவும். வெள்ளைக் கோட்டைப் பார்த்தாலே பிபி ஏறும் ஆட்கள் நிறைய. அளக்கும் முறை முக்கியம். அரை மணி நேரத்துக்கு முன் காபி, டீ, புகை, உடற்பயிற்சி கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் படும்படி, கால்மேல் கால் போடாமல் ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். பட்டையை வெறும் கையில், இதய மட்டத்தில் கட்டுங்கள். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை, காலையும் மாலையும், ஏழு நாள். முதல் நாள் கணக்கை மருத்துவர் பெரும்பாலும் ஒதுக்கிவிடுவார், இருந்தாலும் எழுதுங்கள். மருந்து செலுத்தி இதய ஸ்கேன் எடுப்பதாக இருந்தால் 12 முதல் 24 மணி நேரத்துக்கு காபி, டீ, சாக்லேட், கோலா எதுவும் கூடாது என்பார்கள். காஃபின் நீக்கிய காபியும் இதில் சேர்த்திதான், அதிலும் கொஞ்சம் மிச்சமிருக்கும்.

கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுப் பாவையை (கண் நடுவில் இருக்கும் கறுப்பு வட்டம்) விரித்துப் பார்த்தால் நாலு முதல் ஆறு மணி நேரம், சிலருக்கு அதற்கு மேலும், கிட்டத்தில் மங்கலாகத் தெரியும், வெளிச்சம் கூசும். கறுப்புக் கண்ணாடியும் வண்டி ஓட்ட ஒரு ஆளும் வேண்டும். கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் எத்தனை நாள் முன்பே கழற்ற வேண்டும் என்று கேளுங்கள்.

தோல் மருத்துவரிடம் போகும் அன்று மேக்கப், நகப்பூச்சு, களிம்பு வேண்டாம். படர்தாமரை மேல் வீட்டில் இருந்த கிரீமைத் தடவிவிட்டு வந்தால் சுரண்டி எடுத்த மாதிரியில் பூஞ்சை தெரியாமலே போகலாம். ஒவ்வாமைக்குத் தோலில் குத்திப் பார்க்கும் சோதனைக்கு அலர்ஜி மாத்திரையை ஏறக்குறைய ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். பல சளி, இருமல் மருந்துகளிலும் அதே சரக்கு இருக்கும். வயிற்றில் ஹெச். பைலோரி கிருமிக்கான மூச்சுச் சோதனைக்கு அமிலம் குறைக்கும் மாத்திரை இரண்டு வாரமும், ஆன்டிபயாடிக் நாலு வாரமும் விலகியிருக்க வேண்டும்.

எம்.ஆர்.ஐ என்றால் உடம்பில் இருக்கும் உலோகம் எல்லாவற்றையும் சொல்லுங்கள்: பேஸ்மேக்கர், காது உள்வைப்பு (காதுக்குள் பொருத்திய கேட்கும் கருவி), மூளை ரத்தக்குழாய்க் கிளிப், வெல்டிங் வேலையில் கண்ணில் தெறித்த துகள். உள்வைப்புக்குக் கொடுத்த அட்டையைக் கொண்டு வாருங்கள். சில மருந்துப் பிளாஸ்டர்களிலும் மெல்லிய உலோகத் தாள் உண்டு, சூடாகித் தோலைச் சுட்டுவிடும். சாயம் செலுத்தும் சி.டி ஸ்கேனுக்குச் சமீபத்திய கிரியாட்டினின் அளவு வேண்டும். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுவதையும் சொல்லுங்கள்.

24 மணி நேரச் சிறுநீர் சேகரிப்பில் எல்லோரும் தடுக்குவது முதல் படியில். காலை ஏழு மணிக்கு ஆரம்பிக்கிறீர்கள் என்றால் அந்த ஏழு மணிச் சிறுநீரைக் கொட்டிவிட வேண்டும். அதற்குப் பிறகு வருவது எல்லாம் கேனுக்குள். மறுநாள் ஏழு மணிக்குப் போவதோடு முடிகிறது. நடுவில் ஒன்று தவறிப்போனால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். தப்பான கணக்கோடு சிறுநீரக மருத்துவர் முடிவெடுப்பதைவிட இன்னொரு கேன் வாங்கிக்கொள்வது மேல்.

7. அந்த நாள்

முதல் தடவை என்றால் இருபது நிமிடம் முன்பே வாருங்கள், படிவங்களுக்கு அவ்வளவு ஆகும். அடையாள அட்டை, காப்பீட்டு அட்டை, கண்ணாடி, காது கேட்கும் கருவி, அடுத்த வேளை மருந்து. தளர்வான உடை. முழங்கால் வலி என்று இறுக்கமான பேன்ட்டில் வந்தால் மடக்கிக் காட்ட முடியாது.

கூட ஒருவரை அழைத்து வாருங்கள், ஒருவர் போதும். மருத்துவர் சொல்வதில் 40 முதல் 80 சதவீதம் வரை உடனே மறந்துபோகிறது என்று 2003-இல் வந்த ஒரு மருத்துவ இதழ்க் கட்டுரை சொல்கிறது. கூட வருபவரின் வேலை எழுதுவது. நோயாளிக்குப் பதிலாக அவரே பேசிக்கொண்டிருந்தால் மருத்துவர் மெல்ல அவரை வெளியே உட்காரச் சொல்லிவிடுவார். ஞாபக மறதிக்குப் பார்க்கும்போது மட்டும் கூட வருபவரின் பேச்சுக்கு எடை அதிகம்.

8. உள்ளே

மருத்துவமனைக் கதவுகளுக்கு ஒரு ராசி உண்டு. எல்லாம் பேசி முடித்து, எழுந்து, கைப்பிடியில் கை வைத்த பிறகுதான் உண்மையான விஷயம் வெளியே வரும். “ஆங், டாக்டர், ஒண்ணு சொல்ல மறந்துட்டேன், மூணு மாசமா சாப்பாடு நெஞ்சுல அடைக்குது.” அதுதான் அன்றைக்கு முதலில் சொல்லியிருக்க வேண்டியது. உட்கார்ந்ததும் உங்கள் மூன்று கேள்வியையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுங்கள், எதற்கு எவ்வளவு நேரம் என்று மருத்துவர் பிரித்துக்கொள்வார்.

குடிக்கிறீர்கள், புகைக்கிறீர்கள் என்றால் உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். மயக்க மருந்து, ஈரல், ரத்தக்கொதிப்பு எல்லாமே அதோடு சம்பந்தப்பட்டவை.

புரியாத சொல் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். ஒரு சோதனை எழுதினால், “இது எதைக் கண்டுபிடிக்க? இதன் முடிவால் சிகிச்சை மாறுமா?” என்று கேளுங்கள். மருந்து எழுதினால் எத்தனை நாளில் வேலை தெரியும், எந்தப் பக்கவிளைவு வந்தால் உடனே போன் செய்ய வேண்டும் என்பது தெரிந்தாக வேண்டும். கடைசியாக, நீங்கள் புரிந்துகொண்டதை உங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லிப் பாருங்கள்: “அப்போ இந்த மாத்திரையைப் பாதியாக் குறைக்கிறேன், ரெண்டு வாரம் கழிச்சு ரத்தம் கொடுக்கிறேன், சரிங்களா?” எங்கே தப்பாகப் புரிந்ததோ அங்கே அவர் திருத்துவார்.

9. வெளியே வந்தபிறகு

முன் மேசையைத் தாண்டும் முன் நாலு விஷயம்: அடுத்த தேதி, எழுதிய சோதனைகளின் சீட்டு, இன்றைய குறிப்பின் நகல், அந்தக் குறிப்பு உங்கள் குடும்ப மருத்துவருக்கும் போகிறதா என்ற உறுதி. இந்தக் கடைசி ஒன்று நிறைய இடங்களில் தானாக நடப்பதில்லை. மாற்றிய மருந்து அவருக்குத் தெரியாமல் போனால், அடுத்த மாதம் பழையதையே மறுபடி எழுதிக் கொடுப்பார்.

இணையத்தில் கணக்கு திறந்து ரிசல்ட் பார்க்கும் வசதி இருந்தால், மருத்துவர் பார்ப்பதற்கு முன்பே அது உங்கள் கண்ணில் படலாம். சிவப்பில் காட்டிய எண்ணெல்லாம் ஆபத்தானது இல்லை. ஆனால் ராத்திரி பதினோரு மணிக்குத் தனியாகத் திறந்து பார்க்க வேண்டாம், பகலில் பாருங்கள், போன் செய்ய ஆள் இருக்கும் நேரத்தில். அந்தக் கணக்கின் வழியே அனுப்பும் செய்தியைப் படிக்க இரண்டு மூன்று நாளும் ஆகும், அவசரத்தை அதில் எழுத வேண்டாம்.

“போன் வரலைன்னா எல்லாம் நல்லா இருக்குன்னு அர்த்தம்” என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். மாதிரி தொலைந்துபோகும், ஃபேக்ஸ் வேறு எண்ணுக்குப் போகும், மருத்துவர் விடுப்பில் இருப்பார். சோதனை கொடுக்கும்போதே, “ரிசல்ட் எத்தனை நாளில் வரும்?” என்று கேட்டு நாட்காட்டியில் குறியுங்கள். அந்தத் தேதி தாண்டி இரண்டு நாள் ஆனதும், பெயர், பிறந்த தேதி, சோதனை கொடுத்த நாள் மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு போன் செய்யுங்கள். காலை பத்து மணிக்கு முன்னால் வேண்டாம், அப்போதுதான் அன்றைய கூட்டம் மேசையைச் சுற்றி நிற்கும். மூன்று மணிக்கு மேல் கூப்பிட்டால் எடுத்து, தேடி, நிதானமாகப் பதில் சொல்வோம்.